ஃபேன் கத்துது, எக்ஸ்ஆர்க் 97 காட்டுது: வடாற்காட்டு வாசகர்களோட லினக்ஸ் கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விங்களை பிரிச்சு பாத்தா முக்கால்வாசி ஒரே புலம்பல். மிஷின் சூடாகுது, ஃபேன் பறக்குது, எந்த ப்ரோக்ராம் சிபியூவை எவ்வளோ தின்னுதுன்னு காட்ற டாப்ல பாத்தா எக்ஸ்ஆர்க்னு ஒண்ணு மேல உக்காந்துகினு இறங்கவே மாட்டேங்குது. சரி, ஒரே மூச்சுல முடிச்சிடலாம்னு எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டேன். ஒரு விஷயம், கமாண்டு பேரெல்லாம் தமிழ் எழுத்துல தான் போடறேன், நீங்க அடிக்கறப்ப இங்கிலீஷ்ல அடிங்க, போன தடவை ஒருத்தர் டெர்மினல்ல நெஜமாவே தமிழ்ல "டாப்"னு அடிச்சுட்டு வரலைன்னு போன் போட்டாரு.

கேள்வி: அண்ணே, குடியாத்தத்துல பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆன்லைன் சென்டர் வச்சுகினு கீறேன். பழைய ஐ3 மிஷினு, 4 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. கொஞ்ச நாளா மவுஸ் ஒட்டிக்கினு நவுருது, எக்ஸ்ஆர்க் 97, 98னு நிக்குது. ரெண்டு தடவை ஃபார்மட் அடிச்சுட்டேன், ஒரு வாரம் நல்லா ஓடுது, அப்புறம் பழையபடி. தெரிஞ்சவரு ஒருத்தரு 3500 ரூபாய்க்கு கிராபிக்ஸ் கார்டு போடுன்றாரு. போடலாமா? இன்னா பண்றது?

பதில்: தம்பி, முதல்ல அந்த 3500 ரூபாயை பத்திரமா பீரோல வைங்க.

எக்ஸ்ஆர்க் இன்னா வேலை பண்ணுதுன்னு புரிஞ்சா பாதி டென்ஷன் போயிடும். திங்கக்கிழமை மனு நாள் அன்னிக்கு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல இருக்கற ஜெராக்ஸ் கடையை நினைச்சுக்கோங்க. மிஷினு கிட்ட நிக்கறவன் ஒருத்தன் தான். யாரு பேப்பர் நீட்டினாலும் வாங்கி போட்டு எடுத்து குடுக்கறான். அவனுக்கா எதையும் போடணும்னு ஆசை கிடையாது. அப்படித்தான் எக்ஸ்ஆர்க். பிரவுசர், பேனல், டெர்மினல், வால்பேப்பர் மாத்தற ப்ரோக்ராம்னு எல்லாரும் "இந்த பொட்டி வரை, இந்த படத்தை இங்க ஒட்டு"ன்னு கேட்டுகினே இருப்பாங்க, அது செஞ்சுகினே இருக்கும். அவன் வேர்த்து விறுவிறுத்து நிக்கறான்னா, வரிசையில எவனோ ஒருத்தன் ஒரே பேப்பரை நொடிக்கு 60 தடவை நீட்டிகினு நிக்கறான்னு அர்த்தம். நீங்க ஆபரேட்டரை போட்டு அடிச்சுகினு கீறீங்க.

அடுத்தது அந்த 97. டாப்ல 100னா மொத்த மிஷினும் இல்ல, ஒரு கோர் தான். உங்க ஐ3 நாலு கோர் மாதிரி காட்டினா மொத்தம் 400. டாப் ஓடறப்ப 1 அமுக்குங்க, ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியும், மூணு சும்மா உக்காந்திருக்கும் ஒண்ணு மட்டும் செத்துகினு இருக்கும். எக்ஸ்ஆர்க் வரையற வேலை மொத்தத்தையும் ஒரே த்ரெட்ல, அதாவது ஒரு நேரத்துக்கு ஒரே கோர்ல தான் பண்ணுது, அதனால அது 100ஐ தொட்டுச்சுன்னா அதுக்கு மேல போக வழியே இல்ல, வரிசை பின்னாடி நீள ஆரம்பிக்கும், உங்க மவுஸ் ஒட்டிக்கிறது அதனால தான். கடையில நாலு பேரு வேலைக்கு இருந்தும் மிஷினு ஒண்ணு தானே.

இப்ப யாரு அந்த ஆளுன்னு பிடிக்கணும். இதுக்கு பெரிய டூல் எல்லாம் அப்புறம், முதல்ல எஸ்எஸ்எச் போடுங்க, வேற மிஷின்லருந்து இந்த மிஷினுக்குள்ள போற வழி அது. அதே ஸ்க்ரீன்ல டெர்மினல் திறந்து பாத்தா அந்த டெர்மினல் எழுத்தையும் எக்ஸ்ஆர்க் தான் வரையணும், நீங்க பாக்கறதே கணக்குல சேரும். போன்லருந்தோ பக்கத்து மிஷின்லருந்தோ உள்ள போங்க. போயி டாப் போட்டு எக்ஸ்ஆர்க் நம்பர் மேல கண்ணை வச்சுகினு, சந்தேகப்படற ப்ரோக்ராமை ஒவ்வொண்ணா "கில் மைனஸ் ஸ்டாப்" அடிச்சு பிஐடி, அதாவது டாப்ல அந்த ப்ரோக்ராமுக்கு நேரா இருக்கற நம்பரை குடுங்க. பேரு கில்னு இருக்கேன்னு பயப்படாதீங்க, சாகடிக்காது, அப்படியே சிலையா நிறுத்தி வைக்கும். சிலையா நிக்கறவன் பேப்பர் நீட்ட முடியாது. எக்ஸ்ஆர்க் 97லருந்து ரெண்டு மூணு நொடில 5க்கு விழுந்துச்சுன்னா அவன் தான். விழலைன்னா "கில் மைனஸ் கான்ட்" குடுத்து விட்டுட்டு அடுத்தவனை பிடிங்க. ஃபைல் போகாது, டேப் மூடாது, கஸ்டமர் பாதி ஃபில்லப் பண்ண அப்ளிகேஷன் கூட அப்படியே இருக்கும், நிறுத்தி வச்ச நேரத்துல சைட்டு டைம்அவுட் ஆகாம இருந்தா. எக்ஸ்ஆர்க்கையும் விண்டோவை அடுக்கற விண்டோ மேனேஜரையும் மட்டும் நிறுத்திடாதீங்க, ஸ்க்ரீன் மொத்தமா உறைஞ்சிடும், அதுக்கும் சேத்து தான் எஸ்எஸ்எச் போட சொன்னேன்.

நான் இதை கத்துக்கிட்டது அவமானப்பட்டு. காட்பாடி ரோட்டுல ஒரு நர்சிங் ஹோம்ல டோக்கன் நம்பர் காட்ற டிவிக்கு பின்னாடி ஒரு சின்ன லினக்ஸ் பொட்டி வச்சு குடுத்தேன். பத்து நாள்ல போன், நம்பர் மாற அரை நிமிஷம் ஆகுது, பேஷன்டுங்க சண்டை போடறாங்கன்னு. போயி பாத்தா எக்ஸ்ஆர்க் 97. டிரைவர் தான்னு முடிவு பண்ணிட்டேன். மூணு நாள் டிரைவர் மாத்தினேன், லினக்ஸோட அடிவேரான கெர்னலை மாத்தினேன், ரேம் கூட மாத்தினேன், ரிசப்ஷன்ல இருந்த அந்த அம்மா "தம்பி நீ உண்மையாவே கம்ப்யூட்டர் படிச்சவனா"ன்னு கேட்டுட்டாங்க. மூணாவது நாள் ராத்திரி வீட்டுல படுத்துகினு போன்ல எஸ்எஸ்எச் போட்டு கடுப்புல பிரவுசரை ஸ்டாப் பண்ணேன். 97, அடுத்த நொடி 3. டோக்கன் பேஜோட அடியில அவங்களே ஒரு ஜிஃப் சேத்திருக்காங்க, ரெண்டு பக்கமும் பூ சுத்திகினு "நல்வரவு"ன்னு ஓடுது. அந்த பூவை தூக்கினதும் சரியா போச்சு.

ஆனா கதை அதோட முடியல. ஒரு பூவுக்கு இவ்வளோ ஆடுமான்னு மனசு கேக்கல. நல்ல மிஷின்ல ஒரு ஜிஃப் ஓடறதுக்கு எக்ஸ்ஆர்க் கண்ணு கூட முழிக்காது. அப்ப தான் "ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ மைனஸ் பெரிய பி" போட்டு பாத்தேன், மெசா யூட்டில்ஸ் பேக்கேஜ்ல வரும். ரெண்டரர்னு ஒரு லைன் இருக்கும், அதுல இன்டெல் எச்டி கிராபிக்ஸ்னோ ஏஎம்டின்னோ வரணும். எனக்கு எல்எல்விஎம்பைப்னு வந்துச்சு. அப்படி வந்தா கிராபிக்ஸ் சிப்பு தூங்குது, படம் மொத்தத்தையும் சிபியூ கையால வரையுதுன்னு அர்த்தம். பிரவுசர் தன் பங்குக்கு சிபியூல வரைஞ்சு முழு படமா எக்ஸ்ஆர்க் கிட்ட குடுக்கும், எக்ஸ்ஆர்க் தன் பங்குக்கு அதை ஸ்க்ரீன் மெமரிக்கு காப்பி அடிக்கும். ஃபுல் எச்டி ஸ்க்ரீன்னா 1920 இன்டு 1080, இருபது லட்சத்துக்கு மேல புள்ளி, ஒரு புள்ளிக்கு 4 பைட், ஒரு ஃப்ரேம் 8 எம்பி சொச்சம். நொடிக்கு 60 தடவைன்னா நீங்களே கணக்கு போடுங்க, கிட்டத்தட்ட 500 எம்பி. ஜெராக்ஸ்காரன் மிஷினு ரிப்பேர் ஆகி கையால எழுதி குடுத்துகினு இருந்தான்னு வச்சுக்கோங்க.

ஏன் சிப்பு தூங்குச்சு? இன்ஸ்டால் பண்றப்ப ஸ்க்ரீன் கருப்பா வந்துச்சுன்னு நானே நோமோட்செட்னு ஒரு வார்த்தை சேத்து பூட் பண்ணியிருந்தேன், அது மிஷினை பூட் பண்ற க்ரப்ல அப்படியே தங்கிடுச்சு. அந்த வார்த்தை இருந்தா கெர்னல் கிராபிக்ஸ் டிரைவரை தொடாது.

தம்பி, ரெண்டு தடவை ஃபார்மட் அடிச்சேன்னு எழுதியிருக்கீங்க இல்ல, ஒரு தடவையாவது மின்ட் பென்டிரைவ்ல கம்பாட்டிபிலிட்டி மோடுன்னு இருக்கறதை அமுக்கினீங்களா? அதுலயும் இதே நோமோட்செட் தான் போகும். ப்ராக் ஃபோல்டர்ல சிஎம்டிலைன்னு ஒரு ஃபைல் இருக்கும், ஃபைலை காட்ற கேட் கமாண்டு போட்டு பாருங்க, அந்த வார்த்தை இருந்தா ஈடிசி, அதுக்குள்ள டீஃபால்ட், அதுக்குள்ள க்ரப் ஃபைலை திறந்து எடுத்துட்டு, "சூடோ அப்டேட் மைனஸ் க்ரப்" (மைனஸை ஒட்டி அடிங்க) குடுத்து ரீபூட். ஸ்க்ரீன் கருப்பாச்சுன்னா பதறாதீங்க, க்ரப் மெனுல இ அமுக்கி லினக்ஸ்னு ஆரம்பிக்கற லைன் கடைசில திரும்ப சேத்தா அந்த ஒரு தடவைக்கு உள்ள போயிடலாம். அப்புறம் வார் ஃபோல்டர்ல லாக் உள்ள எக்ஸ்ஆர்க் டாட் 0 டாட் லாக்னு ஒரு ஃபைல், அதுல இஇன்னு போட்ட லைனை மட்டும் படிங்க. டபிள்யூடபிள்யூ லைனை பாத்து தூக்கத்தை கெடுத்துக்க வேணாம், அது எல்லா மிஷின்லயும் நாலு இருக்கும்.

ரெண்டரர் சரியா இருக்கு, ஸ்டாப் டெஸ்ட்லயும் ஆளு மாட்டலைன்னா தான் "பெர்ஃப் டாப்" எடுக்கணும், எக்ஸ்ஆர்க் பிஐடி குடுத்து சூடோவோட. எந்த ஃபங்ஷன்ல நேரம் போகுதுன்னு லைவா ஓடும். பிக்ஸ்மேன்னு பேரு வந்துகினே இருந்தா சிபியூ தான் படத்தை ஒட்டிகினு இருக்கு. எக்ஸ்ரெஸ்டாப்னு இன்னொண்ணு இருக்கு, எந்த ப்ரோக்ராம் எத்தனை பிக்ஸ்மேப், அதாவது மெமரில வச்ச படம், பிடிச்சு வச்சிருக்குன்னு காட்டும், ஏதோ ஒண்ணு நூறு இருநூறுன்னு ஏறிகினே போயி இறங்கலைன்னா அது லீக், எடுத்த மெமரியை திருப்பி விடலைன்னு அர்த்தம். நீங்க ஒரு வாரம் நல்லா ஓடுது அப்புறம் கெடுதுன்னு சொல்றது எனக்கு அந்த பக்கமும் லேசா வாடை அடிக்குது. மிஷினை வாரம் முழுக்க ஆஃப் பண்றதே இல்லன்னா ஒரு ராத்திரி லாக்அவுட் பண்ணிட்டு உள்ள வந்து பாருங்க, உடனே சரியாச்சுன்னா லீக் தான், எக்ஸ்ரெஸ்டாப் போடுங்க. லாக்அவுட் பண்ணியும் அப்படியே நின்னா ஸ்டாப் டெஸ்ட்டுக்கு போங்க.

கேள்வி: சார், ஆம்பூர்ல ஷூ கம்பெனில டிசைன் செக்ஷன்ல இருக்கேன். எங்க மிஷின்ல உபுன்டு. நீங்க சொல்ற எக்ஸ்ஆர்க்கே டாப்ல இல்ல, ஆனா க்னோம் ஷெல்னு ஒண்ணு 100 காட்டுது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லம்மா. உங்களோடது வேலண்ட், எக்ஸ்ஆர்க் முறைக்கு பதிலா வந்த புதுசு. டெர்மினல்ல "எக்கோ டாலர் எக்ஸ்டிஜி செஷன் டைப்" போடுங்க, டாலருக்கு அப்புறம் எல்லாம் பெரிய எழுத்து, நடுவுல அண்டர்ஸ்கோர், வேலண்ட்னு வரும். இதுல எக்ஸ்ஆர்க்னு தனி ஆபரேட்டர் கிடையாது, விண்டோவை அடுக்கற க்னோம் ஷெல்லே ஸ்க்ரீன்ல வரையற டிஸ்ப்ளே சர்வராவும் இருக்கும். உபுன்டு 17.10ல இதை டீஃபால்ட்டா போட்டு, 18.04ல பின்வாங்கி எக்ஸ்ஆர்க்குக்கே போயி, திரும்ப 21.04ல தான் வேலண்டுக்கு வந்துச்சு, அதனால பக்கத்து சீட்டுல பழைய உபுன்டு இருந்தா அங்க எக்ஸ்ஆர்க் தெரியும், உங்களுக்கு தெரியாது.

இதுல எனக்கு முதல் சந்தேகம் எப்பவும் எக்ஸ்டென்ஷன் மேல தான். நெட் ஸ்பீடு காட்றது, வெதர் காட்றது, டாக்கை குதிக்க வைக்கறதுன்னு ஆளாளுக்கு போட்டு வச்சிருப்பாங்க, அதெல்லாம் க்னோம் ஷெல்லுக்கு உள்ளயே ஓடறதால டாப்ல தனியா பேரு வராது, பழி ஷெல் மேல விழும். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு லாக்அவுட் பண்ணி உள்ள வாங்க. குறைஞ்சா ஒவ்வொண்ணா ஆன் பண்ணி பாருங்க. எக்ஸ்வேலண்ட்னு ஒண்ணு மேல நின்னா அது வேற கதை, எக்ஸை மட்டும் நம்பி எழுதின பழைய சாஃப்ட்வேருக்கு வேலண்ட் வச்சிருக்கற மொழிபெயர்ப்பாளர் அது, உங்க டிசைன் சாஃப்ட்வேர் பழசா இருந்தா அதுக்கு ஸ்டாப் டெஸ்ட் போடுங்க. க்னோம் ஷெல்லை மட்டும் ஸ்டாப் பண்ணிடாதீங்கம்மா.

கேள்வி: அண்ணா, வாலாஜாபேட்டை. மவுஸை ஆட்டினா எக்ஸ்ஆர்க் 30 வரைக்கும் போகுது. ஆட்டலைன்னாலும் சில நேரம் தானா ஏறுது, கர்சர் கூட லேசா நடுங்குது. லேப்டாப் வாங்கி நாலு வருஷம்.

பதில்: ஆட்டினா ஏறறது சகஜம் தான், சாதா யூஎஸ்பி மவுஸ் நொடிக்கு 125 தடவை சேதி அனுப்பும், கேமிங் மவுஸ்னா 1000. 1000 மவுஸ் வச்சிருந்தா 500க்கோ 250க்கோ இறக்குங்க, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கை வைக்காம ஏறுதுன்றது தான் எனக்கு பிடிக்கல. மவுஸ், டச்பேடு அனுப்பற சேதியை காட்ற "சூடோ லிப்இன்புட் டீபக் மைனஸ் ஈவென்ட்ஸ்" (மைனஸை ஒட்டி அடிங்க) போட்டுட்டு கையை கட்டிகினு உக்காருங்க. முதல்ல டிவைஸ் லிஸ்ட் வரும், அதுக்கப்புறம் ஒரு லைனும் ஓடக்கூடாது. மழை மாதிரி கொட்டுச்சுன்னா எந்த டிவைஸ்னு லைன்லயே இருக்கும். டச்பேடுன்னு வந்தா தம்பி, லேப்டாப்பை மூடி ஒரு சமமான டேபிள்ல வச்சு சுத்தி பாருங்க, ஆடுதா, திறந்து பாத்தா டச்பேடு லேசா மேடா இருக்கா, கிளிக் பண்ணா டைட்டா இருக்கா. நாலு வருஷ பேட்டரி, நம்ம ஊரு வெயிலு, பேட்டரி உப்பி கீழருந்து டச்பேடை தள்ளிகினு இருக்கும், யாரும் தொடாமலே தொட்ட மாதிரி சேதி போகும். இந்த மாதிரி ரெண்டு என் டேபிளுக்கு வந்திருக்கு, ரெண்டு பேருமே ஓஎஸ் மாத்தி குடுங்கன்னு தான் கொண்டு வந்தாங்க. உப்பியிருந்தா சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, அமுக்காதீங்க, கடைக்கு கொண்டு போயி பேட்டரியை மாத்துங்க, அது தீப்பிடிக்கற சமாசாரம், எக்ஸ்ஆர்க்கை அப்புறம் பாத்துக்கலாம். உப்பல்லைன்னா மட்டும் "எக்ஸ்இன்புட் டிஸேபிள்" குடுத்து டச்பேடை ஆஃப் பண்ணி வச்சு ரெண்டு நாள் ஓட்டி பாருங்க.

கேள்வி: ஆரணில பட்டு சேலைக்கு டிசைன் போட்டு குடுக்கறேங்க. ரெண்டு மானிட்டர், ஒண்ணு எச்டிஎம்ஐ, ஒண்ணு பழைய விஜிஏ. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எல்லாம் ஒரு நொடி நின்னு நின்னு போகுது, கோடு இழுக்கறப்ப கை தப்புது.

பதில்: நிக்கறப்ப கையில வாட்ச் பாருங்க. சரியா 10 நொடிக்கு ஒரு தடவைன்னா கெர்னல் தான், விஜிஏ மாதிரி சொருகினதும் தானா சொல்லத் தெரியாத கனெக்டரை அது 10 நொடிக்கு ஒரு தடவை "இருக்கியா"ன்னு தட்டி பாக்கும், அப்ப டாப்ல எக்ஸ்ஆர்க்குக்கு பதிலா கெர்னலோட வேலையாளான கேவொர்க்கர் ஏறும். கணக்கில்லாம நின்னா "யூடெவ்அட்ம் மானிட்டர்" ஓட விட்டுட்டு விஜிஏ வயரை லேசா அசைச்சு பாருங்க, டிஆர்எம் சேஞ்ச்னு லைன் வந்துகினே இருந்தா வயரு லூசு. திருகாணி ரெண்டும் முறுக்குங்க, பாதி பேரு அதை திருகறதே இல்ல. அதுவும் இல்லன்னா பிரைட்னஸ் மாத்தறது, வால்பேப்பர் மாத்தறதுன்னு ஏதோ ஒரு குட்டி ப்ரோக்ராம் மானிட்டர் லிஸ்ட்டை புதுசா தேட சொல்லி எக்ஸ்ஆர்க்கை நச்சரிக்கும், தேடி முடிக்கற வரைக்கும் எல்லாரும் வரிசையில நிக்கணும். மறுபடியும் ஸ்டாப் டெஸ்ட் தான்.

கேள்வி: வேலூர் கொசப்பேட்டை. டிசம்பர்ல எக்ஸ்ஆர்க் 40 சதவீதம் காட்டின அதே மிஷின் மே மாசம் 75 காட்டுது, அதே வேலை தான். கத்திரி வெயிலுக்கும் எக்ஸ்ஆர்க்குக்கும் சம்பந்தம் இருக்கா?

பதில்: இருக்கு. சூடு எல்லை தாண்டினா சிபியூ தானா வேகத்தை குறைச்சுக்கும். குறைஞ்ச வேகத்துல அதே வேலைக்கு அதிக நேரம் ஆகும், சதவீதம் ஏறின மாதிரி தெரியும், வேலை ஏறல. "சென்சார்ஸ்" கமாண்டு போட்டு சூட்டை பாருங்க, ஃபேன்ல இருக்கற தூசியை பிரஷ்ல தட்டுங்க, சிப்பு மேல பேஸ்ட் காஞ்சிருந்தா புதுசு தடவுங்க. மிஷினை சன்னல் பக்கத்துலருந்து தள்ளி வைங்க. நமக்கே முடியல, அதுக்கு எப்படி முடியும்.

கேள்வி: தாத்தா, நான் ராணிப்பேட்டை, ஒன்பதாவது படிக்கறேன். எக்ஸ்னு ஏன் பேரு வச்சாங்க? வேலண்ட்னா என்ன?

பதில்: நான் இன்னும் தாத்தா ஆகல கண்ணு, அங்கிள்னு வச்சுக்கலாம். ஸ்டான்ஃபோர்டுல வின்னு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்துச்சு, அதுக்கு டபிள்யூன்னு ஒரு விண்டோ சிஸ்டம் எழுதினாங்க. 1984ல எம்ஐடில அதை எடுத்து மாத்தி எழுதினப்ப அடுத்த எழுத்து எக்ஸ், அதையே வச்சுட்டாங்க. 1987ல 11வது வெர்ஷன் வந்துச்சு, இன்னிக்கும் அதே 11 தான் ஓடுது, உங்க அப்பா அம்மா கூட அப்ப சின்ன பசங்களா இருந்திருப்பாங்க. வேலண்ட்றது அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஒரு ஊரு. 2008ல அதை ஆரம்பிச்ச கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் அந்த ஊரு வழியா கார் ஓட்டிகினு போறப்ப தான் யோசனை தெளிவாச்சாம், ஊரு பேரையே வச்சுட்டாரு. அவரு மட்டும் அன்னிக்கு இந்த பக்கம் வந்து ரயில்வே மேம்பாலத்து டிராஃபிக்ல மாட்டியிருந்தா, ஆம்பூர் அம்மாவுக்கு நான் மேல எழுதின பதில்ல "உங்களோடது காட்பாடி"ன்னு எழுதியிருப்பேன்.